இரத்த அளவுகள் சொல்வதும் சொல்லாததும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்முறை சைக்கிள் பந்தயங்களில் ஊக்கமருந்து ஒழிப்பு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, சர்வதேச சைக்கிள் சங்கம் 2008-இல் 'உயிரியல் பாஸ்போர்ட்' முறையை, அதாவது ஒவ்வொரு வீரரின் இரத்த அளவுகளையும் தொடர்ந்து பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்த பிறகு, சிவப்பணுக்களைச் செயற்கையாகக் கூட்டும் இரத்த மோசடிக்கு வழி அடைபட்டுவிட்டது என்று முடிகிறது. மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனையையே தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

இந்தப் பாஸ்போர்ட் இரத்தத்தில் மருந்தைத் தேடுவதில்லை. 1997-இல் வந்த பழைய விதி எல்லோருக்கும் ஒரே வரம்பை வைத்தது. ஹீமடோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 50 சதவீதத்தைத் தாண்டியவர் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டார். 1999 ஜூனில், ஜீரோ டி இத்தாலியா என்ற இத்தாலியச் சைக்கிள் பந்தயம் முடிய இரண்டே கட்டங்கள் இருக்கையில், முன்னணியில் இருந்த மார்கோ பான்டானி வெளியேற்றப்பட்டது அவ்விதியின்படிதான். அதே விதி, 49 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்ற மறைமுக அனுமதியாகவும் ஆகிவிட்டது. பாஸ்போர்ட்டோ ஒவ்வொரு வீரரையும் அவருடைய முந்தைய அளவுகளோடு மட்டுமே ஒப்பிடுகிறது. பின்னர் ஏற்றிக்கொள்வதற்காக உடலிலிருந்து இரத்தத்தை எடுத்தால், இழப்பை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை வேலையைக் கூட்டும். ரெட்டிகுலோசைட் எனப்படும் இளஞ்சிவப்பணுக்கள் (புதிதாக உருவான சிவப்பணுக்கள்) பெருகும். சேமித்ததைத் திரும்ப ஏற்றினால் ஹீமோகுளோபின் உயரும், மஜ்ஜை ஓய்வெடுக்கும், இளஞ்சிவப்பணுக்கள் குறையும். தன் இரத்தத்தையே ஏற்றிக்கொள்பவரை நேரடியாகப் பிடிக்க வழியில்லாத நிலையில், இது அருமையான உத்தி.

ஆனால் இந்த எண்கள் மோசடியால் மட்டும் மாறுவதில்லை. தண்ணீர் போதாமல் உடல் வறண்டாலே ஹீமோகுளோபின் சற்று உயர்ந்து காட்டும் என்பதைக் கோடைக்கால ஆய்வகப் பணியாளர் எவரும் அறிவர். அதனால்தான் உடற்பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தே மாதிரி எடுக்கிறார்கள். மலைப்பகுதியில் தங்கியிருந்தால் அதையும் பதிவு செய்கிறார்கள். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் தீர்ப்பு நிச்சயமல்ல. இத்தாலிய வீரர் பிரான்கோ பெல்லிசோட்டிக்குப் பாஸ்போர்ட் அளவுகளின் அடிப்படையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2011-இல் இரண்டாண்டுத் தடை விதித்தது. செக் வீரர் ரோமன் குரோய்ட்சிகர் மீதான இதே போன்ற வழக்கையோ, விசாரணைக்குச் சில நாட்களே இருக்கையில், 2015 ஜூனில் சைக்கிள் சங்கமும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையும் தாமே திரும்பப் பெற்றன. பாஸ்போர்ட்டில் சிக்கினார் என்ற செய்தி வந்தவுடன் ஒருவரைக் குற்றவாளி என்று எழுதுவது, உங்கள் கட்டுரையும் செய்திருப்பதுபோல, நியாயமாகாது.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட மறுபக்கமும் உண்டு. அமெரிக்கச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் 2009, 2010 டூர் டி பிரான்ஸ் கால இளஞ்சிவப்பணு அளவுகள் இயற்கையாக அமைவதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று ஆஸ்திரேலிய நிபுணர் கிறிஸ்டோபர் கோர் கணித்ததை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2012-இல் வெளியிட்டது. அந்த எண்கள் பாஸ்போர்ட் நடைமுறையில் இருந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆயினும் அப்போது அவற்றைக் கொண்டு எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. அவரை வீழ்த்தியது 26 பேரின் சாட்சியம். அதில் 11 பேர் அவருடைய முன்னாள் அணித்தோழர்கள்.

2019 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் சீஃபெல்டில், உலகப் பனிச்சறுக்குப் போட்டியின்போது நடந்த காவல்துறைச் சோதனை இதைவிடத் தெளிவான சான்று. எர்ஃபுர்ட் நகர மருத்துவர் மார்க் ஷ்மிட், போட்டிக்குச் சற்று முன் இரத்தத்தை ஏற்றி, முடிந்ததும் திரும்ப எடுத்துவிடும் முறையைக் கையாண்டார். பாஸ்போர்ட்டை ஏய்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. சைக்கிள் வீரர்கள் ஸ்டெஃபான் டெனிஃபிலும் கெயோர்க் பிரைட்லரும் இதே வலையில் இருந்தது பிறகுதான் வெளிப்பட்டது. துப்புக் கொடுத்தது ஆய்வகமன்று. யோஹன்னஸ் டியூர் என்ற பனிச்சறுக்கு வீரர் ஜெர்மன் தொலைக்காட்சியில் அளித்த வாக்குமூலம்.

ஆகவே பாஸ்போர்ட்டை யாரைத் துருவிப் பார்க்க வேண்டும் என்று காட்டும் கருவியாகக் கொள்வதே சரி. துருவும் வேலையைச் செய்யச் சட்டம் வேண்டும். 2006 மே மாதம் மாட்ரிட்டில் மருத்துவர் எயுஃபெமியானோ ஃபுவென்டெஸிடம் 200-க்கும் மேற்பட்ட இரத்தப் பைகள் பிடிபட்டபோது, ஸ்பெயினில் ஊக்கமருந்து கொடுப்பது குற்றமாக இல்லை. பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் தொடுத்த வழக்கிலும் 2016-இல் அவர் விடுதலையானார். ஷ்மிட்டுக்கோ, ஜெர்மனியில் 2015-இல் இயற்றிய தனிச்சட்டம் இருந்ததால், மியூனிக் நீதிமன்றம் 2021 ஜனவரியில் நான்காண்டு பத்து மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், இச்சட்டங்களைப் பற்றியும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர்,
தஞ்சாவூர்