எங்கள் கணினிக் குழுவின் 2025-26ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. மாணவர்களுக்கான ஷெல் (கட்டளை தட்டச்சு செய்து கணினியை இயக்கும் முறை) பயிற்சி பொங்கல் விடுமுறையில் நடந்தது. நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் ஓடக்கூடியவற்றுக்கு டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தோம். டெபியன் 13-இல் பழைய 32 பிட் கணினிகளுக்குக் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. அத்தகைய கணினி வைத்திருப்போர் 12-ஐ விட்டு நகர வேண்டாம். கணினியின் தேதி பல ஆண்டு பின்னால் போய், அப்டேட்டும் இணையதளங்களும் மறுத்தால் ரௌட்டரைக் குறை சொல்லாமல் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

இவ்வாண்டின் பெரிய வேலை இரவு பேக்கப் ஸ்கிரிப்ட், அதாவது இரவுதோறும் கோப்புகளைத் தனி டிஸ்கில் தானே நகலெடுக்கும் கட்டளைத் தொகுப்பு. பென் டிரைவில் போட்டால் போதாதா என்று செயற்குழுவில் கேட்கப்பட்டதால் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். பென் டிரைவில் இருப்பது கடைசி நகல் மட்டுமே. போன வாரம் கெட்ட கோப்பு அதிலும் கெட்டே இருக்கும். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலின் லிங்க்-டெஸ்ட் முறையில் ஒவ்வொரு இரவுக்கும் தனி ஃபோல்டர் உண்டு. மாறாத கோப்புகள் ஹார்டு லிங்க்காக (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயராக) நிற்பதால் அன்று மாறியவை மட்டுமே இடம் பிடிக்கும். எஃப்ஏடி32 என்ற கோப்பு அமைப்புள்ள டிஸ்கில் ஹார்டு லிங்க் அமையாது. லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்புக்கு ஆக்கிக்கொள்ள வேண்டும்.

டிஸ்க் செருகாத இரவில் பேக்கப் முழுவதும் இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் போய் விழுந்து அதை நிரப்பிவிடும். அதனால் முதல் வரியிலேயே டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் மவுண்ட்பாயிண்ட் சோதனை இருக்கிறது. தேறாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். கையால் ஓட்டினால் ஓடுவது, குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரானில் ஓடவில்லை என்றால் சதவீதக் குறியைப் பாருங்கள். கிரானின் பட்டியலான கிரான்டேபில் அது புது வரியாகக் கொள்ளப்பட்டு, கட்டளை பாதியில் அறுந்துவிடும். தேதி போடும் வரியை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டால் தொல்லை இல்லை. பழைய யுஎஸ்பி 1.1 போர்ட் நொடிக்கு சுமார் 1 எம்பிதான் தரும். 100 ஜிபிக்கு 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நகல் முடியுமுன் அடுத்த இரவு வந்துவிடும். இரண்டும் மோதாதிருக்க, ஒன்று ஓடும்போது மற்றதைத் தடுக்கும் எஃப்லாக் பூட்டு போட்டிருக்கிறது.

பேக்கப்பை மீட்டுப் பார்த்தால்தான் அது பேக்கப். மாதம் ஒரு கோப்பைத் திரும்ப எடுத்து, கோப்பு மாறவில்லை என்று காட்டும் எஸ்எச்ஏ256 குறியீட்டைச் சரிபார்க்க முறைப்பட்டியல் ஒட்டினோம். பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியதும் இரவு பத்து மணிக்கு அழைக்கிறார்கள். டிஸ்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் அறிக்கையில் 197ஆம் எண்ணின் மூல மதிப்பு (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை) பூச்சியத்தைத் தாண்டியபோதே அழைத்திருக்கலாம். அந்நிலையில் டிடி என்ற நகல் கட்டளை கூடாது, முதல் பிழையிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களை மேப் கோப்பில் குறித்துப் பிறகு முயலும்.

வரவு சந்தாவும் நன்கொடையும். செலவு பேட்டரி, கேபிள், மின்கட்டணம் போன்றவை. கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளர் வைப்பார். இரண்டாவது டிஸ்க் வாங்க முடியாமல் போனதற்குக் காரணம் சந்தா நிலுவை. ஒரே அறையில் இருக்கும் ஒரே டிஸ்க், இடி விழுந்தால் கணினியோடு சேர்ந்தே போகும்.

இடம் தந்த நூலகத்தாருக்கும் கணினி வழங்கியோருக்கும் செயற்குழுவினருக்கும் நன்றி.

ஸ்கிரிப்டை விளக்கக் குறிப்புகளுடன் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கின்) கடவுச்சொல் உறையிலிட்டுத் தலைவரிடம் உள்ளது. செயலாளர் பொறுப்பேற்க யாரேனும் முன்வந்தால் முழு மனதோடு ஒப்படைப்பேன். நானே தொடர வேண்டுமென்றால், சனிக்கிழமை மாலைகளில் இருவராவது தவறாமல் வர வேண்டும். நிலுவைச் சந்தா இம்மாதத்துக்குள் பொருளாளரிடம் சேர வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்