டாண்டன் எனக்குத் தெரிந்த ஊர்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் இங்கிலாந்தில் உன் புது ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பேரைச் சொல்லிவிட்டு, "சின்ன ஊர்ப்பா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாய். டாண்டன் எனக்கு 1981-லிருந்தே பழக்கம். அங்கே ஒரு பழைய கோட்டை உண்டு, அதற்குள் ஒரு பெரிய கூடமும் உண்டு. சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் பீரோ அடித்தட்டில் காக்கி அட்டை போட்ட புத்தகம் ஒன்று கிடக்குமே, அது 'கேப்டன் ப்ளட்'. ரஃபேல் சபாட்டினி எழுதி 1922-ல் வந்த நாவல். மூர் மார்க்கெட் எரிவதற்கு நாலு வருஷம் முன்னால் அங்கே வாங்கினேன். கடைக்காரர் மூன்று ரூபாய் கேட்டார். கடைசிப் பக்கங்கள் கிழிந்திருப்பதைக் காட்டி இரண்டு ரூபாய்க்கு முடித்தேன். அந்த ஒரு ரூபாய் லாபத்துக்காக அப்புறம் பல வருஷம் தவித்தேன்.

கதை உன் ஊருக்குப் பக்கத்தில், பிரிட்ஜ்வாட்டரில் தொடங்குகிறது. 1685. இரண்டாம் ஜேம்ஸ் மன்னனை எதிர்த்து மான்மத் பிரபு கிளம்பியிருக்கிறார். ஊரே அரிவாளும் கம்புமாக அவர் பின்னால் போகிறது. பீட்டர் ப்ளட் என்ற ஐரிஷ் டாக்டர் மட்டும் ஜன்னலோரம் நின்று புகைபிடித்தபடி ஜெரேனியம் தொட்டிகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். ஜெரேனியம் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. கொடைக்கானலில் ஒரு வீட்டு ஜன்னலில் பார்த்தபோது, இதற்காகவா ஒரு மனிதர் போருக்குப் போகாமல் இருந்தார் என்று தோன்றியது.

செட்ஜ்மூர் சண்டையில் கலகக்காரர்கள் தோற்கிறார்கள். விடியும் நேரத்தில் ஒருவன் வந்து கூப்பிட, டாக்டர் காயம்பட்டவருக்குக் கட்டுப்போடப் போகிறார். அங்கேயே பிடிபடுகிறார். விசாரணை நடப்பது உன் டாண்டன் கோட்டைக் கூடத்தில், நீதிபதி ஜெஃப்ரீஸ் முன்னால். "நான் வைத்தியன், வைத்தியம் பார்த்தேன்" என்பதுதான் அவருடைய வாதம். எடுபடவில்லை. தூக்குத் தண்டனை. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! பார்படோஸுக்குக் கப்பலேற்றி, பத்து பவுண்டுக்கு விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவர் கர்னல் பிஷப். அவருடைய அண்ணன் மகள் அரபெல்லா. காதலுக்கு இது போதும். அப்புறம் ஒரு ஸ்பானியக் கப்பலைக் கைப்பற்றித் தப்பி, அதற்கு அவள் பேரையே வைத்துக் கடற்கொள்ளைக்காரர் ஆகிறார். ஒருநாள் அவள் வாயாலேயே 'திருடன், கொள்ளைக்காரன்' என்று கேட்டு மனுஷன் உடைந்துபோகும் இடத்தில், அத்தனை பீரங்கிச் சத்தத்துக்கும் அசையாத நானே கொஞ்சம் ஆடிப்போனேன்.

எல்லாம் கற்பனை இல்லை. ஹென்றி பிட்மன் என்ற டாக்டர் நிஜமாகவே அந்தக் கலகத்துக்காகப் பார்படோஸுக்கு அனுப்பப்பட்டுத் தப்பினார். தன் கதையை எழுதியும் வைத்தார்.

குறையும் உண்டு. விற்கப்பட்ட வெள்ளைக்காரர்களுக்காக அவ்வளவு உருகும் நாவல், அதே தோட்டத்தில் உழைக்கும் கறுப்பு அடிமைகளைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போகிறது. இருபது வயதில் எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது படித்தால் அந்த இடங்களில் கண் தட்டி நிற்கிறது.

சபாட்டினி யார் என்று உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார், முழிப்பார்கள். அப்பா இத்தாலியர், அம்மா ஆங்கிலேயர், இருவருமே ஆப்பரா பாடகர்கள். பையன் வளர்ந்தது இங்கிலாந்து, போர்ச்சுகல், சுவிட்சர்லாந்து என்று ஊர் ஊராக. இத்தனை மொழி தெரிந்தும் எழுதுவதற்கு ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டார். (குட்டி தமிழையும் இங்கிலீஷையும் கலந்து பேசுகிறான் என்று மாப்பிள்ளை கவலைப்பட்டாரே, அவரிடம் இதைச் சொல்.) இருபது வருஷத்துக்கு மேல் எழுதிய பிறகு, 1921-ல் 'ஸ்கராமூஷ்' என்ற நாவல் வந்துதான் பேர் கிடைத்தது. ஆறு வருஷத்தில் ஒரே மகனைக் கார் விபத்தில் பறிகொடுத்தார். 1950-ல் சுவிட்சர்லாந்தில் இறந்தபோது, கல்லறையில் 'ஸ்கராமூஷ்' நாவலின் முதல் வரியையே பொறித்தார்கள்: சிரிக்கும் வரத்தோடும், உலகத்துக்குப் பைத்தியம் என்ற புரிதலோடும் பிறந்தவன் என்று. மகன் போன பிறகும் அந்த வரி அவருக்குப் பொருந்தியதா என்று சில ராத்திரிகளில் யோசித்திருக்கிறேன்.

கிழிந்த பக்கங்களுக்கு வருகிறேன். டாக்டர் பிரிட்ஜ்வாட்டருக்கே திரும்பிப் போய்த் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக நானே ஒரு முடிவு வைத்திருந்தேன். நீ காலேஜில் படிக்கும்போது கடைசி அத்தியாயத்தைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னேனே, எதற்கென்று கேட்காமலே எடுத்து வந்தாய். அதில் அவர் ஜமைக்காவுக்குக் கவர்னர் ஆகிறார், விலைக்கு வாங்கிய பிஷப் அவர் முன்னால் வந்து நிற்க வேண்டியதாகிறது. விசில் அடிக்கிற முடிவுதான். எனக்கென்னவோ என்னுடையதே பிடித்திருக்கிறது.

லீவு கிடைத்தால் அந்தக் கூடத்தைப் பார்த்துவிட்டு வா. இப்போது மியூசியம் என்கிறார்கள். அப்படியே பிரிட்ஜ்வாட்டருக்கும் போ. ஜன்னலில் ஜெரேனியம் வைத்த வீடு கண்ணில் பட்டால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா பருப்புப்பொடியும் ஊறுகாயும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். பிரிண்ட் தாள்களைப் பின்னால் சேர்த்துத் தைத்து, புத்தகத்தையும் அதில் வைக்கிறேன். எடை கூடினால் ஒரு ஊறுகாய் பாட்டில் வெளியே வந்துவிடும். அம்மாவிடம் கேட்டுவைக்காதே.

அன்புடன்,
அப்பா