செவலை கூப்பிட்டதும் திரும்பி வர வேண்டுமானால்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். மைதானத்தில் அவிழ்த்துவிட்டதும் உன் நாய் செவலை ஒரு பூனையைக் கண்டு ஓடிப்போய், எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று சொல்லி வருத்தப்பட்டாய். அதை அடங்காத நாய் என்று பிறர் சொல்வதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. செவலையைப் போன்ற சிப்பிப்பாறை, கன்னி வகை நாட்டு நாய்கள் நம் கரிசல் பக்கத்தில் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற இனங்கள் அவை. ஓடும் ஒன்றைக் கண்டால் ஆளின் சொல்லுக்குக் காத்திராமல் தானே முடிவெடுத்து விரட்டும் நாயைத்தான் அன்று நல்ல நாய் என்று தேர்ந்தெடுத்தார்கள். அந்த வேட்டை இன்று சட்டப்படி குற்றம், ஆனால் செவலையின் கண்ணுக்கும் காலுக்கும் அது தெரியாது. அதோடு செவலைக்கு இப்போது ஆகியிருக்கும் பத்து மாதம் என்பது குட்டியும் இல்லாத, முழு நாயும் இல்லாத வயது. எந்த இனமானாலும் இந்தப் பருவத்தில் கவனம் வெளியில்தான் இருக்கும்.

நீ யோசித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. "வா" என்ற அழைப்புக்குப் பின் இதுவரை அதற்கு என்ன கிடைத்திருக்கிறது? விளையாட்டை முடித்து வீட்டுக்குப் போகவும், குளிப்பாட்டவும், காதில் மருந்து விடவும் அழைத்திருப்பாய். நாய் அதை நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறது: அழைத்தால் நல்லது முடிந்துவிடும். அந்தச் சொல்லை இனி விட்டுவிடு. "ஓடியா" என்று புதிதாக ஒன்றை வைத்துக்கொள். மாப்பிள்ளையும் அதையே, அதே தொனியில் சொல்லட்டும்.

முதலில் வீட்டுக்குள், வேறு சத்தம் இல்லாத நேரத்தில், அது உன் பக்கத்திலேயே நிற்கும்போது ஒருமுறை "ஓடியா" என்று சொல்லி, சொன்ன பிறகே வேகவைத்த கோழி ஈரலில் ஒரு சிறு துண்டைக் கொடு. மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காதே, அவை நாய்க்கு ஆகாது. சொல் முன்னும் உணவு பின்னுமாக வருவது முக்கியம். ஓர் ஓசைக்குப் பின் தவறாமல் உணவு வந்தால் அந்த ஓசைக்கே நாயின் வாயில் எச்சில் ஊறும் என்று ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டியது இதைத்தான். துண்டைக் காட்டிக்கொண்டே அழைத்தால் நாய் சொல்லைக் கேட்காது, கையைத்தான் பார்க்கும். கை வெறுமையாக இருக்கும் நாளில் வராது. கொடுக்கும்போது மறு கையால் கழுத்துப்பட்டையைத் தொட்டுப் பிடித்துப் பழக்கு. இல்லாவிட்டால் உன் அருகே வரைக்கும் வந்து, எட்டிப் பிடிக்கும் நேரத்தில் விலகி ஓடும்.

பிறகு அடுத்த அறையிலிருந்து, மாடியிலிருந்து, அதன்பின் மைதானத்தில் என்று தூரத்தைக் கூட்டு. மைதானத்தில் பத்து மீட்டர் நீளக் கயிறு இல்லாமல் இப்போதைக்கு விடவே விடாதே. கயிற்றை நெஞ்சுப்பட்டையில் மாட்டு. இந்த வேகத்தில் ஓடும் நாய் கழுத்துப்பட்டையோடு சட்டென்று நின்றால் கழுத்தில் அடிபடும். அது பூனையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அழைக்காதே. வரும் என்று உனக்கே உறுதி இருக்கும் வேளையில் மட்டும், ஒரே ஒரு முறை அழை. வரவில்லையென்றால் திரும்பச் சொல்லாமல் கயிற்றைப் பிடித்தபடி அதனருகே நடந்து போய்க் கூட்டி வா. வந்ததும் துண்டைக் கொடுத்து, பெரும்பாலும் மறுபடி விளையாடப் போகவிடு. அழைப்பு விளையாட்டின் முடிவல்ல என்று அது நம்புவதற்கு ஈரலைவிட இதுவே பெரிய கூலி.

கயிறு கைநழுவிவிட்டால் துரத்தாதே, உன்னால் அதை முந்த முடியாது. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடு. விரட்டும் நாய்க்கு ஓடுகிற உன்னைப் பின்தொடரத் தோன்றும். எவ்வளவு தாமதித்து வந்தாலும் அதட்டாதே, அடிக்காதே. நீ தண்டிப்பது அது ஓடியதற்காக, ஆனால் அது புரிந்துகொள்வதோ திரும்பி வந்ததற்காக என்று.

இதற்கு மாதங்கள் ஆகும். நன்றாகப் பழகிய பிறகும் துண்டை அடியோடு நிறுத்திவிடாமல், சில முறை கொடுத்தும் சில முறை தடவிக்கொடுத்தும் நடத்து. எவ்வளவு பழகினாலும் சாலையோரத்தில் மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தீபாவளி நெருங்கும் வாரத்தில் வெடிச்சத்தத்துக்கு மிரண்ட நாய்க்கு எந்தச் சொல்லும் காதில் ஏறாது, ஈரலும் வேண்டியிருக்காது. அந்த நாட்களில் பகலிலேயே நடத்திக் கூட்டி வந்துவிடு, கழுத்துப்பட்டையில் உன் கைபேசி எண்ணைப் பொறித்த வில்லையும் இருக்கட்டும்.

கயிறு வாங்கும்போது மெல்லிய நைலான் வேண்டாம், இழுத்தால் உள்ளங்கையை அறுத்துவிடும். தட்டையான நாடாவாகப் பார்த்து வாங்கு. கிடைக்காவிட்டால் சொல், இங்கே தைக்கச் சொல்லி அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா