பஞ்சு இல்லை, மாவுப்பூச்சி

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள ஐயாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். உன் சதைச் செடியில், அதுதான் தடித்த இலைக்குள் தண்ணீர் சேர்த்து வைக்கிற அந்தத் தொட்டிச் செடியில், இலை நடுவே பஞ்சு ஒட்டியிருக்கிறது என்றாயே, அது மாவுப்பூச்சி. தூசி என்று நினைத்து ஒரு மாதம் விட்டிருக்கிறாய். சரி, போனது போகட்டும். செடியைக் குப்பையில் போட்டுவிடலாமா என்று கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போட வேண்டாம்.

முதலில் அந்தத் தொட்டியை மட்டும் பிரித்து பால்கனியின் மறுகோடிக்குக் கொண்டுபோ. மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, காது குடைகிற பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடு. மேலே இருக்கிற வெள்ளை மெழுகுதான் அதற்குக் குடை. வெறும் தண்ணீர் அந்த மெழுகில் ஒட்டாமல் வழிந்துவிடும், ஸ்பிரிட் அதைக் கரைத்து உள்ளே இறங்கும். இலையும் தண்டும் சேர்கிற இடுக்கில்தான் குடித்தனம் நடத்தும், அங்கே நன்றாகப் பார். கையில் ஸ்பிரிட் இருக்கும்போது அடுப்புப் பக்கம் போய்விடாதே.

ஒரு நாளோடு முடிகிற வேலை இல்லை இது. ஒரு பஞ்சுப் பொதிக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். இன்று நீ துடைத்தது தாயை. அடுத்த வாரம் குஞ்சுகள் கிளம்பும். ஆகையால் வாரம் ஒரு முறை, நாலைந்து வாரம் விடாமல் செய். தொட்டியைச் சுற்றி எறும்பு ஊர்கிறதா என்றும் பார். பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பாக ஒரு நீர் விடும். அந்த ஆசையில் எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குஞ்சை அடுத்த செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும். பால் கறக்க மாடு வளர்க்கிற மாதிரிதான்!

வேப்பெண்ணெய் அடிக்கலாமா என்பாய். செம்பருத்திக்கு அடி, உன் செடிக்கு யோசித்து அடி. போன பங்குனியில் நான் வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து, நட்ட நடு மத்தியானத்தில் மாடித் தொட்டிகளுக்கெல்லாம் அடித்தேன். நம்ம ஊர் வெயில் உனக்குத் தெரியாதா? இலையெல்லாம் வெந்துபோனது. தப்பிய சதைச் செடி இலைகளிலும், மேலே இயற்கையாகவே இருக்கிற சாம்பல் பூச்சு போய், எண்ணெய் தேய்த்த தலை மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பூச்சுதான் வெயிலிலிருந்து இலையைக் காப்பது. ஒரு தடவை போனால் அந்த இலைக்குத் திரும்ப வராது. உங்க அப்பா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மேலே சுத்தமாகியும் செடி வாடினால், தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார். வேரில் திருநீறு பூசிய மாதிரி இருந்தால் அங்கேயும் பூச்சிதான். பழைய மண் முழுவதையும் உதறி, வேரைக் கழுவி, மூன்று நாள் நிழலில் காயவிட்டுப் புது மண்ணில் வை. உடனே தண்ணீர் ஊற்றாதே. சதைச் செடி பட்டினி கிடக்கும், சாகாது.

இதை எழுதும்போது எங்க ஆச்சி ஞாபகம் வருகிறது. அவள் சின்ன வயதில் காடு, வயல் எல்லாம் சப்பாத்திக்கள்ளிதானாம், ஆடு மாடு நுழைய முடியாது. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். உன் தொட்டியில் இருப்பதற்கு ஒன்றுவிட்ட உறவு, அதே வெள்ளைப் பஞ்சு. நசுக்கினால் மட்டும் ரத்தச் சிவப்பாக இருக்கும். அவ்வளவு பெரிய கள்ளிக்காட்டை அது தின்று தீர்த்தது. அன்றைக்கு ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். நீ பஞ்சுக்குச்சியோடு உட்கார்ந்திருக்கிறாய்.

இனி புதுச் செடி வாங்கினால் ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு மற்றதோடு சேர். அடுத்த ஞாயிறு மறுபடி படம் அனுப்பு. மேலிருந்து அழகாக எடுத்து அனுப்பாதே, இலையைத் தூக்கி அடிப்பக்கம் எடு.

இப்படிக்கு,
அம்மா