மறுத்த விடுப்பு எங்கே போகிறது?

ஐயா,

கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்காகப் போன வருடம் நான்கு நாள் விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஆள் இல்லப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். சரி என்று ஷிப்டுக்குப் போய்விட்டேன். ஜனவரியில் என் விடுப்பு அட்டையில் அந்த நான்கு நாளும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. 30 நாளுக்கு மேல் சேராதாம்.

30 நாள் வரம்பு உண்மைதான். ஆனால் முறைப்படி கேட்டு நிர்வாகம் மறுத்த விடுப்புக்கு அந்த வரம்பே கிடையாது. அது அப்படியே அடுத்த ஆண்டுக்கு வர வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டமும் இதைத்தான் சொன்னது, 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்ற கணக்கும் மாறவில்லை. தகுதி பெற 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதைத்தான் புதிய தொகுப்பு 180 ஆகக் குறைத்திருக்கிறது. விடுப்புக்கு நடுவில் வரும் வார ஓய்வையும் விடுப்பில் சேர்க்கக் கூடாது. எங்கள் அட்டையில் ஞாயிறும் கழிகிறது.

விண்ணப்பத்தை வாங்கியதற்கும் மறுத்ததற்கும் கையெழுத்திட்ட நகல் தர வேண்டும். விடுப்புக் கணக்கைத் தமிழில் எழுதி, ஆலை வாசலிலேயே மாதம்தோறும் ஒட்ட வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது, பதிவேட்டோடு எங்கள் கையிலுள்ள அட்டைகளையும் வாங்கிப் பார்க்க வேண்டுகிறேன்.

ஒரு தொழிலாளி,
கடலூர் முதுநகர்