மச்சான், அந்தக் குளிசைக் கதை

மச்சான்,

சுகமா எண்டு கேக்கவே ஒரு மாதிரிக் கிடக்கு, சுகமில்ல எண்டுதானே வொய்ஸ் அனுப்பியிருந்த. இஞ்ச எல்லாரும் சுகம். படுவான்கரைப் பக்கம் இந்த முறை வேளாண்மை பரவாயில்ல ஆனா நெல்லுதான் வில போகல்ல, சின்னவள் ஏலெவல் எழுதிப்போட்டு வீட்டுல நிண்டு தாய்க்காரியோட நாள் முழுக்கச் சண்ட. அத விடு.

நீ கேட்ட விசயத்துக்கு வாறன். மனச்சோர்வுக்கு மருந்து மாத்தி மாத்திப் போட்டும் மனசு எழும்பல்ல, இப்ப உன்ட லண்டன் டொக்டர் பழைய குளிசையோட சேத்து ரிட்டலின் எண்ட உசார்க் குளிசையக் கொஞ்சமாத் தந்து பாப்பம் எண்டாராம், மனுசி அதக் கேட்டுட்டு அதும் ஐஸ் போதை மாதிரிச் சாமான்தானே எண்டு அழுறாவாம். நான் பாமசியில நிக்கிறவன், டொக்டர் இல்ல, ஆனா அவ சொன்னது முழுக்கப் பிழையுமில்ல. ரெண்டுமே மூளையில டோபமின், நோர்அட்ரினலின் எண்ட உசார்ச் சாமான்களக் கூட்டுறதுதான். ஆனா ஐஸ் எக்கச்சக்கமா, சடாரெண்டு ஏறுறது, இது அளந்து குடுத்து வயித்து வழியா மெதுவா ஏறுறது, அது சின்ன வித்தியாசம் இல்ல. இஞ்ச பொடியனுகள் ஐஸால படுற பாட்டக் கேட்டு வச்சிருக்கிறவ பயப்படத்தான் செய்வா, அவவோட சண்ட பிடியாத.

இது புது வைத்தியமும் இல்ல. 1930கள்ல, இப்ப இருக்கிற மனச்சோர்வுக் குளிசை ஒண்டும் வராத காலத்துல ஐஸ்ட இனத்து அம்ஃபெட்டமினத்தான் குடுத்தவங்க, மறுகா ஆக்கள் அதுக்கு அடிமையாகத் தொடங்கி, 1950கள்ல வேற மருந்துகளும் வந்த உடன மெல்ல ஓரங்கட்டிட்டாங்க. ரிட்டலின் 1944ல சுவிஸ்ல செஞ்சது, செஞ்ச மனுசன் பனிசோன் பொஞ்சாதி ரீட்டாட பேரத்தான் வச்சவர், நம்மட ஆக்கள் வள்ளத்துக்கு வைக்கிற மாதிரி.

கேக்குமா எண்டா, ஆதாரம் அரைகுறைதான். லிஸ்டெக்ஸம்ஃபெட்டமின் எண்ட அதே இன மருந்து ஒண்ட சோர்வு மருந்தோட சேத்துப் பெரிசாப் பரிசோதிச்சாங்க, 2014ல வெறும் மாவுக் குளிசைய விட மேல் எண்டு காட்ட ஏலாமப் போயிட்டு, கொம்பனியும் அத விட்டுட்டு. ஆனா 2015ல வெளிவந்த ஒண்டுல, வயசான 143 பேர், சிட்டலோபிராம் எண்ட சோர்வுக் குளிசையும் ரிட்டலின் மருந்தும் சேத்து எடுத்தவங்க ஒண்ட மட்டும் எடுத்தவங்கள விட நல்லா எழும்பியிருக்காங்க. அழுகையும் இல்லாம கவலையும் இல்லாம, எழும்பிப் பல்லு விளக்கவே ஏலாமக் கிடக்கிற சோர்வு ஒண்டு இருக்கே, உன்ட அதுதான் எண்டு நினைக்கன், அதுக்கு இது சிலருக்குப் பிடிக்கும், பிடிச்சா மாசக்கணக்காக் காத்திருக்கத் தேவல்ல, சில நாள்லயே தெரியும். சிலருக்கு முதல் கொஞ்சம் உசார், புறகு பழையபடி.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய யோசினை வேற ஒண்டு. நம்ம கல்லடியில ரூம் எடுத்து இருந்த நேரம் நீ நித்திரையே இல்லாம நாள்கணக்கா கடை போடப்போறன், ட்ரோலர் வாங்கப்போறன் எண்டு கடன் பட்டுத் திரிஞ்சியே, அத டொக்டர்கிட்டச் சொன்னியா? நீ அத இளமைத் திமிர் எண்டு மறந்திருப்ப. மருந்து கேக்கல்ல எண்டு வாறவங்கள்ல கொஞ்சப் பேருக்கு வருத்தமே வேற, பைபோலார், மனசு ஒருக்கா எக்கச்சக்கமா ஏறி ஒருக்கா விழுற வருத்தம், அது தெரியாம இந்தக் குளிசையக் குடுத்தா ஆள்ட மனசு ஒரேயடியா ஏறிடும். அதால அத ஒளிக்காமச் சொல்லு, வெக்கப்படாத. உன்ட பிரசரையும் அப்பாக்கு வந்த ஹாட் அட்டாக்கையும் சொல்லு, இது நெஞ்சடிப்பையும் பிரசரையும் கூட்டும். அதுக்குப் புறகும் டொக்டர் போடு எண்டா போடு, நான் வேணாம் எண்டு சொல்லமாட்டன். பழையத நீயா நிப்பாட்டாத. பிந்திப் போட்டா ராவைக்கு நித்திரை வராது, சாப்பாட்டு ஆசையும் குறையும், நீ ஏற்கனவே எலும்பு.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வாறதெண்டா குளிசையப் பெட்டியோட, டொக்டர்ட கடிதத்தோட கொண்டு வா, இது கட்டுப்பாட்டு மருந்து, கட்டுநாயக்க எயாபோட்டுல நிண்டு விளக்கம் சொல்லிட்டிருக்க ஏலாது. மனுசிய எனக்கு ஒருக்கா கோல் எடுக்கச் சொல்லு, ஞாயித்துக்கிழமை பாமசி பூட்டு, ஆறுதலாக் கதைக்கலாம்.