கேக்கோ கட்டுரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். அல்பேனியாவின் முதல் பெண் திரைப்பட இயக்குநர் ஜான்ஃபிசே கேக்கோ பற்றி எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று இரண்டு வருஷமாக உங்களைப் படுத்தி எடுத்தேனே, அந்தக் கட்டுரை ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது.

முதல் நன்றி, அல்பேனியத் தலைநகர் திரானாவில் படச்சுருள்களைப் பாதுகாக்கும் இடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்கு. ஒரு தகர டப்பாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார், குப்பென்று வினிகர் வாடை. பழைய அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் இப்படித்தான் நாறுமாம். நல்லவேளை, கேக்கோ 1977இல் எடுத்த 'தோம்காவும் அவன் நண்பர்களும்' புதுப்பிக்கப்பட்டுத் தப்பித்துவிட்டது. 1928இல் ஜிரோகாஸ்தரில் பிறந்தவர், மாஸ்கோவில் எடிட்டிங் படித்துவிட்டு வந்து செய்திப்படங்களையும் ஆவணப்படங்களையும் வருஷக்கணக்கில் வெட்டி ஒட்டியவர், குழந்தைகளுக்கான கதைப்படம் பக்கம் வரும்போது வயது நாற்பத்தைந்து என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டதுதான்.

அப்புறம், போனில் அல்பேனிய மொழி சொல்லிக்கொடுத்த திரானா மாணவிக்கு. 1973இல் வந்த கேக்கோவின் 'மிமோசா லாஸ்திட்சா' படத்தை நான் பாட்டுக்கு 'இளவரசி மிமோசா' என்று எழுதி வைத்திருந்தேன். அவள் சிரித்துவிட்டு, லாஸ்திட்சா என்றால் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பிள்ளை என்று விளக்கினாள். அச்சில் போயிருந்தால் மானம் போயிருக்கும்.

தோம்கா படம் எடுத்த பெராத் நகரில், மங்கலெம் பகுதியில் (பெயரே நம்மூர் மாதிரி இல்லை?) தங்க இடம் கொடுத்த பெரியவருக்கும் நன்றி. தோம்கா படப்பிடிப்பைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்தீர்களா என்று கேட்டேன், தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். சரி, இல்லை போல என்று எழுந்துவிட்டேன். அங்கே பழைய ஆட்களுக்கு அதுதான் 'ஆமாம்' என்று பிறகுதான் தெரிந்தது, நம்மூர்க்காரன் இதில் ஏமாந்திருக்கவே கூடாது! படத்தில் தங்கள் பந்து விளையாடும் இடத்தை ஜெர்மன் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டதும் பையன்களுக்கு வரும் கோபம் நடிப்பாகவே தெரியாது, அது எப்படி என்று கேட்டதற்கு, "எங்கள் பந்தையும் யாராவது பிடுங்கினால் அப்படித்தானே பார்ப்போம்" என்றார். கட்டுரையின் முதல் வரியே அதுதான்.

கேக்கோ படக் கதைகளில் வரும், அன்றைக்கு ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் நெடியை மழுப்பாதே என்று சண்டை போட்ட நண்பனுக்கும் நன்றி, இரண்டு பத்தி சேர்த்துவிட்டேன். விமானச் செலவுக்குக் கடன் கொடுத்த அக்காவுக்கு மட்டும் நன்றி சொல்லப்போவதில்லை, அடுத்த மாதம் பணமாகவே தந்துவிடுகிறேன்.